விமானத்தில் எனக்கு இடமில்லை என்ற மகனுக்கு

மகனே, இதை நான் உன் கையிலேயே தந்திருக்கலாம். கிழமைக்கொரு தடவை வீட்டுக்கு வருகிற பிள்ளை நீ. சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தால் வாசித்துவிட்டு, வழமைபோல ஒன்றும் சொல்லாமல் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போயிருப்பாய். ஆனால் நான் இதை எங்கள் மொன்றியல் தமிழ்ச் சங்கத்தின் கோடை மலருக்குக் கொடுத்திருக்கிறேன். நாலு பேர் வாசிக்கட்டும் என்றுதான். ஏனென்றால் முதலில் நாலு பேருக்குச் சொன்னதே நான்தான். ஒன்ராறியோவில் ஏரிக்கரையில் நடக்கிற பெரிய விமானக் கண்காட்சிக்கு என் மகன் தானே விமானம் ஓட்டிக்கொண்டு போகிறான், பக்கத்து இருக்கையில் நான் போகிறேன் என்று கோயிலில் சொன்னேன், வேலையிடத்தில் சொன்னேன், மீன் வாங்கப் போன கடையிலும் நின்று சொன்னேன். இப்போது அந்த இருக்கையில் நான் இல்லை. அதையும் என் வாயாலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

போன இலையுதிர் காலத்தில் நீ தனியார் விமானி உரிமம் எடுத்தபோதுதான் நீ பறக்கப் பழகினாய் என்பதே எங்களுக்குத் தெரிய வந்தது. ஒன்றரை வருடம் சனிக்கிழமை தோறும் நூலகத்துக்குப் போவதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். உன் அப்பா உரிமத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, கார் ஓட்டும் உரிமம் மாதிரித்தான் இருக்கிறது என்றார். ஸ்காபரோவில் இருந்து என் மச்சாள் தொலைபேசியில் வேறு கதை கதைத்தாள். அமெரிக்காவில் கட்டடங்கள் விழுந்த காலத்துக்குப் பிறகு எங்களைப் போன்ற நிறத்தில் ஒரு பெடியன் விமானம் பழகினால் சந்தேகப்பட மாட்டார்களா என்று கேட்டாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அவள் கேட்டதும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. சந்தேகப்படுகிறவர்கள் வந்து என்னிடம் கேட்கட்டும், டோர்வலில் அவர்கள் ஏறுகிற விமானங்களுக்கெல்லாம் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவள் நான்தான் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். விமான நிலையத்துக்கு இப்போது புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள், எங்களுக்கு அது டோர்வல்தான்.

கண்காட்சிக்குப் பறந்து போவதென்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. கார் நிறுத்துமிடத்தில் போய் நிறுத்துவதுபோல இறங்குவார்கள் என்று நினைத்தேன். நீ குளிர்காலம் முழுக்க, வருகிற நேரமெல்லாம் அந்தச் சிறு புத்தகத்தை எங்கள் குசினி மேசையில் வைத்துக்கொண்டு படித்தபோதுதான் விளங்கியது. அன்றைக்கு நாலா பக்கமும் இருந்து நூற்றுக்கணக்கான சின்ன விமானங்கள் வரும். எல்லாம் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், முன்னால் போகிறதைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். வானொலியில் யாரும் பேசக்கூடாது. கீழே நிற்கிற கட்டுப்பாட்டாளர், சிவப்புக் கோடு போட்ட வெள்ளை விமானமே சிறகை ஆட்டு என்பார். நீ சிறகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக் காட்ட வேண்டும், அதுதான் பதில். ஓடுபாதையில் பெரிய நிறப் புள்ளிகள் போட்டிருப்பார்களாம். பச்சைப் புள்ளியில் இறங்கு என்றால் அதில்தான் சக்கரம் படவேண்டும், பின்னால் இன்னொருவன் ஆரஞ்சுப் புள்ளிக்கு வந்துகொண்டிருப்பான். வாய் திறக்காமல் ஆட்டிக் காட்டுவது எங்கள் சனத்துக்கு நன்றாக வரும் என்று நான் பகிடி விட்டேன். நீ சிரிக்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும் வாய் திறக்கலாம் அம்மா, திறந்தே ஆகவேண்டும் என்றாய். சொன்னதைச் செய்ய முடியாது என்று பட்டால், இயலாது என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு விலகி மேலே ஏறிப் போக வேண்டும். அப்போது நான் அந்த இடத்தைக் கவனிக்கவில்லை. மசாலாவை வறுத்துக்கொண்டிருந்தேன்.

நீ சின்னவனாக இருந்தபோது விமானச் சத்தம் என்றால் எங்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். உனக்கு அப்போது ஐந்து வயது. அப்பா எங்களுக்கு முன்னாலேயே மொன்றியலுக்கு வந்து ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் நீயும் நானும் மட்டும். குண்டு போடுகிற பொம்பர் வருகிற சத்தம் கேட்டால் நான் "ஓடு" என்பேன், நீ "ஓம்" என்று சொல்லிப் பதுங்குகுழிக்குள் குதிப்பாய். "குப்புறப் படு" என்பேன், "ஓம்" என்பாய். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்கள், தாய்மார் தலைமயிரில் பிடித்து இழுத்துவருவார்கள். நீ ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தை உனக்கு அடித்தல்ல, அணைத்துத்தான் பழக்கினேன். ஆனால் பழக்கினேன். நீ உயிரோடு இருப்பதற்கு அந்த ஓம் ஒரு காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

பிழை என்னவென்றால், பொம்பர் இல்லாத நாட்டுக்கு வந்த பிறகும் அந்த ஓமை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. இங்கே சென்-மிஷேலில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது உன் ஆசிரியை முதல் அறிக்கையிலேயே நீ மிகவும் அடக்கமான பிள்ளை என்று எழுதியிருந்தாள். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டி வைத்தேன். ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீட்டுக்குப் போன அன்று நடந்தது உனக்கு நினைவிருக்கும். வழியில் இன்னும் இரண்டு வீட்டுக்குப் போனோம், எல்லா வீட்டிலும் "இன்னும் கொஞ்சம் சாப்பிடு ராசா" என்றார்கள், எல்லா வீட்டிலும் நீ ஓம் என்றாய். கடைசியில் மெட்ரோ வண்டிக்குள் வாந்தி எடுத்தாய். நான் உன்னைப் பார்த்து, வேண்டாமென்று சொல்ல வாயில்லையா என்று கேட்டேன். சொல்லியிருந்தால் அந்த வீட்டிலேயே உன் தொடையில் கிள்ளியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். பிறகு கணினிப் படிப்புப் படி என்றேன், ஓம் என்றாய். நோத்ர-டாம்-த-கிரேஸில் தனியாக வீடு எடுக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது, ஒரு வருடம் பொறு என்றேன். அதற்கும் ஓம், ஒரு வருடம் பொறுத்துத்தான் போனாய். உன்னைப் பார்த்து மற்றத் தாய்மார் பொறாமைப்பட்டார்கள், நான் பட வைத்தேன் என்றும் சொல்லலாம். இப்போது நினைக்கிறேன், நீ எங்களிடம் கேட்காமல் செய்த ஒரே காரியம் இந்தப் பறப்புத்தான். கேட்டால் நாங்கள் வேண்டாம் என்போம், நீ ஓம் என்று விட்டுவிடுவாய் என்று உனக்கே தெரிந்திருக்கிறது.

இனி ஒரு பையின் கதை. ஜூன் மாதத் தொடக்கத்தில் திடீரென்று வெக்கை ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்காட்சிக்குப் போவதற்கு முன்னால் பழகிப் பார்க்க என்று என்னையும் அப்பாவையும் ஒட்டாவாப் பக்கம் ஏற்றிக்கொண்டு போனாய். அங்கே என் தம்பி சின்ன விமானத் திடலுக்குக் காரோடு வந்து நிற்பதாக ஏற்பாடு. முதல் நாளே எங்கள் எடையைக் கேட்டாய். அப்பா உள்ளதைச் சொன்னார். நான் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன், எந்தப் பெண் உள்ளதைச் சொல்லுவாள். நீ தலையைக் குனிந்து எழுதிக்கொண்டாய். கொண்டுவருகிற சாமான் எல்லாவற்றையும் காட்டச் சொன்னாய். கைப்பை ஒன்றும் தண்ணீர்ப் போத்தலும் காட்டினேன். ஆனால் தம்பி வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா? இரண்டு வருடத்துக்குப் பிறகு போகிறோம், அவன் பெண்சாதி என்ன நினைப்பாள்? நான் விடியற்காலையிலேயே ஒரு பயணப்பையில் வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், ஒரு பெட்டி மாம்பழம், மூன்று தேங்காய், பயற்றம் பணியாரம், அவர்களுடையது உடைந்துவிட்டது என்று ஒரு பித்தளை இடியப்ப உரல் எல்லாம் அடைத்து, நீ எரிபொருளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அப்பாவைக் கொண்டு பின் இருக்கைக்குப் பின்னால் வைத்து மேலே போர்வையைப் போட்டேன். டோர்வலில் சொந்தக்காரர் கொழும்புக்குப் போகும்போது பெட்டியில் இரண்டு கிலோ கூடினால் நான் சிரித்துக் கதைத்துச் சமாளித்துக் கொடுத்ததெல்லாம் உனக்குத் தெரியும். அந்தப் பழக்கந்தான்.

நீ வந்து என் முகத்தைப் பார்த்தாய். "அம்மா, வேற ஏதும் வைச்சனீங்களோ?" என்று கேட்டாய். நான் "இல்லையடா" என்றேன். நீ விமானத்தைச் சுற்றி வந்து சாமான் கதவைத் திறந்து மூடினாய். பூட்டுச் சரியா என்று பார்க்கிறாய் என்று நினைத்தேன். பிறகு ஏறினோம். ஓடுபாதையில் விமானம் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. மூக்கு மட்டும் மேலே பார்க்கிறது, மற்றதெல்லாம் நிலத்தை விட மனமில்லாமல் இருக்கிறது. கடைசியில் எழும்பியபோது ஓடுபாதை முடிவில் நின்ற மரங்களின் இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சின்னப் பிளேன்தானே, மெல்லத்தான் ஏறும் என்று அப்பாவுக்குச் சொல்லிச் சிரித்தேன். ஒட்டாவாவில் இறங்கியபோது உன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. தம்பி பெண்சாதி இடியப்ப உரலைக் கண்டு சந்தோசப்பட்டாள். நீ அன்றைக்கு ஒரு பணியாரம்கூடத் தொடவில்லை. வெயில் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரு காரணம் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வார இறுதி நீ பறக்கவில்லை. கேட்டால், கொஞ்ச நாள் ஓய்வு என்றாய். உன் நண்பன் வாய் தவறிச் சொன்னதில்தான் தெரிந்தது, உன் பயிற்சியாசிரியை மதாம் லூசி உன்னை ஆட்களை ஏற்ற விடாமல் நிறுத்தி வைத்திருக்கிறாள் என்று. எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, மெட்ரோவின் நீலக் கோட்டில் ஏறி, இரண்டு தரம் மாறி, ஆற்றுக்குக் கீழால் லோங்கேய்க்குப் போய், அங்கிருந்து பேருந்து எடுத்து அந்தப் பறக்கும் கழகத்துக்குப் போனேன். சண்டைக்குத்தான் போனேன். என் பிரெஞ்சு வேலையிடத்தில் ஹெயிட்டிப் பெண்களிடம் படித்தது, சண்டைக்கு நன்றாகவே போதும். மதாம் லூசி அறுபது தாண்டிய பெண், தலைமயிரை ஆண்பிள்ளைபோலக் கட்டையாக வெட்டியிருந்தாள். நான் கத்தி முடியும்வரை ஒரு கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டுப் பொறுமையாக நின்றாள். என் மகன் கறுப்புத் தோல்காரன் என்பதாலா என்றுகூடக் கேட்டேன். அதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

பிறகு அவள் சொன்னாள். அடுத்த நாள் காலையிலேயே நீயாகவே போய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய். அம்மாவிடம் கேட்டேன், இல்லை என்றார், கதவைத் திறந்தேன், பை இருந்தது, கதவை மூடினேன் என்று. நான் கதிரையில் இருந்துவிட்டேன். நீ கண்டிருக்கிறாய். நான் பொய் சொன்னது தெரிந்துகொண்டே, பாரம் கூடியது தெரிந்துகொண்டே, அந்தப் பெட்டி மாம்பழத்தோடும் அப்பாவோடும் என்னோடும் அந்த மரங்களை நோக்கி ஓடியிருக்கிறாய். எனக்கு "ஏலாது அம்மா" என்று சொல்லுவதைவிட அது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நான் குறைத்துச் சொன்ன எடையைக்கூட நீ கூட்டித்தான் எழுதியிருந்தாய் என்றும் அவளே சொன்னாள். மதாம் லூசி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பை எனக்குப் பெரிய விஷயமில்லை, மதாம்," என்றாள். "பையைத் தூக்கி வெளியே வைக்கலாம். உங்கள் மகனின் கை நல்ல கை. ஆனால் அந்தக் கண்காட்சியில் ஒரு குரல் அவனை இறங்கு, இப்போதே இறங்கு என்று சொல்லும். அந்த இடத்தில் இறங்குவது பிழை என்று அவனுக்குப் பட்டால், அவன் என்ன சொல்லுவான்?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அவள் தந்த கோப்பியைக் குடித்துவிட்டு, உன்னை இனிப் பறக்கவே விடவேண்டாம் என்று கேட்டேன். அதற்கு அவள் கேட்டது இன்னும் என் காதில் நிற்கிறது. அவனுக்கு வேண்டாம் சொல்ல வரவில்லை என்றால் அதைத் தரையில் பழகலாம், ஆனால் அவனுக்காக நீங்கள் வேண்டாம் சொன்னால் எப்போது பழகுவான் என்றாள். திரும்பி வரும்போது மெட்ரோவில் எனக்கு அழுகை வந்தது. எதிரில் இருந்த பிள்ளை ஒருத்தி எழும்பி வந்து கைத்துடைப்பான் தந்தாள். மெர்சி என்றேன். பதுங்குகுழிக்குள் உன் முதுகில் கைவைத்துப் படுத்திருந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. குண்டு விழாமல் காப்பாற்றிக் கொண்டுவந்த பிள்ளையை ஒரு இடியப்ப உரலால் கொன்றிருப்பேன். இதைவிட மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் உன்னைக் கூப்பிட்டு, போனேன், கதைத்தேன், எல்லாம் தெரியும் என்று சொன்னேன். நீ நிலத்தைப் பார்த்தாய். நான் மன்னிப்புக் கேட்டதும் "பரவாயில்லை அம்மா" என்றாய், அதையும் ஓம் சொல்லுகிற அதே குரலில். அதனால்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்து அந்தக் கூத்தைத் தொடங்கினோம். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் கார் நிறுத்துகிற வெளியில் அப்பா வீட்டுச் செருப்போடு முன்னால் நடந்தார், அவர் முன்னால் போகிற விமானம். நீ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னால். நான் பல்கனியில் உன் புத்தகத்தோடு கட்டுப்பாட்டாளர். நீலச் சேட்டு, சிறகை ஆட்டு என்பேன், நீ ஆட்டுவாய். பச்சைப் புள்ளி என்பேன், அப்பா சோக்குக் கட்டியால் போட்ட புள்ளியில் போய் நிற்பாய். மேல்மாடி ஹெயிட்டிக் கிழவர் எட்டிப் பார்த்து, கலியாண நடனம் பழகுகிறீர்களா என்று கேட்டார். எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு நான் வேண்டுமென்றே, இப்போதே வலப் பக்கம் திரும்பு என்று கத்தினேன். வலப் பக்கத்தில் ஒரு கார் நின்றது. நீ திரும்பிப் போய்க் காரில் முட்டிக்கொண்டு நின்றாய், கை விரித்தபடி. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அப்பா திரும்பிப் பார்த்துவிட்டு, "அவனைக் குறை சொல்லாதை. கலியாணம் கட்டின நாள் தொட்டு நானும் உனக்கு ஓம்தானே சொல்லுறன்" என்றார்.

முதல் ஞாயிறு உன் வாயில் ஏலாது என்ற அந்தச் சொல் வரவே இல்லை. இரண்டாம் ஞாயிறு வந்தது, ஆனால் எறும்புக்குக்கூடக் கேட்டிருக்காது. கேக்கேல்லை என்று நான் பல்கனியில் இருந்து கத்தினேன். சாப்பாட்டு மேசையிலும் விடவில்லை. வேண்டுமென்றே சோற்றை அள்ளி அள்ளிப் போட்டேன். நீ கையைத் தட்டுக்கு மேலே வைத்து மறிக்கும்வரை போட்டேன். என் வாழ்க்கையில் யாரும் என் சோற்றுக்குக் கை மறித்து நான் சந்தோசப்பட்டது அதுதான் முதல் தரம். ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிறு, இடப் பக்கம் திரும்பு என்று நான் சொல்லி முடிக்க முதலே நீ நிமிர்ந்து என்னைப் பார்த்து "ஏலாது" என்று சொல்லிவிட்டு அப்பாவைத் தாண்டி வளைந்து போனாய். மேல்மாடிக் கிழவர் கை தட்டினார். மதாம் லூசியும் உன்னை மறுபடி ஆட்களோடு பறக்க விட்டாள். நான் சென்-ஹூபேர் தெருவுக்குப் போய், விமானத்தில் போட என்று ஒரு காற்றுச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கினேன்.

அதற்கு அடுத்த கிழமைதான் நீ வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி சொன்னாய்.

"அம்மா, கண்காட்சிக்கு நீங்கள் வரேலாது. பக்கத்துச் சீட்டில மதாம் லூசி வாறா. பின்சீட்டிலும் ஏலாது."

ஏன் என்று கேட்டேன்.

"காரணம் இருக்கம்மா. ஆனா சொல்லத் தொடங்கினா நீங்கள் ஒண்டொண்டா மறுப்பியள், கடைசியில நான் ஓம் எண்டிடுவன். அதால சொல்லேல்லை."

மகனே, வேண்டாம் சொல்ல உன்னைப் பழக்கியது நான். அது முதலில் எனக்கே வரும் என்று நான் நினைக்கவில்லை. கட்டுப்பாட்டாளருக்குச் சொல்லுவாய், உன் முதலாளிக்குச் சொல்லுவாய், ஸ்காபரோ மச்சாளுக்குச் சொன்னால் இன்னும் நல்லது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு உனக்குத் தேத்தண்ணீர்கூடப் போட்டுத் தரவில்லை. நான்கைந்து நாள் உன் அழைப்பை எடுக்கவில்லை. காற்றுச் சட்டையை அலுமாரிக்குள் தள்ளிவிட்டு இருந்து அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. வேலையில் பெண்கள், எப்போது பறக்கிறாய் என்று கேட்டபோது முதுகுவலி என்று பொய் சொன்னேன். மதாம் லூசிமேல் எனக்குப் பொறாமைகூட வந்தது. நான் பெற்ற பிள்ளைக்குப் பக்கத்தில் அவள் இருக்கப்போகிறாளே என்று. அந்த வாரம் முழுக்க நீ வந்து மன்னிப்புக் கேட்பாய், சரி அம்மா வாருங்கள் என்பாய் என்று காத்திருந்தேன். நீ வந்தாய். வந்து, முற்றாத முருங்கைக்காய் இரண்டு தந்தாய், அப்பாவோடு துடுப்பாட்டம் பார்த்தாய், என்னோடு வழமைபோலக் கதைத்தாய். அந்தக் கதையை மட்டும் எடுக்கவில்லை. நீ போன பிறகு கதவைச் சாத்திவிட்டு நின்றபோதுதான் எனக்கு உடம்பில் இருந்து ஏதோ இறங்கியது. நான் முகத்தைத் தூக்கி வைத்தும் நீ அசையவில்லை. அப்படியென்றால் நீ வானத்திலும் அசையமாட்டாய். அன்றிரவு பல நாளைக்குப் பிறகு நித்திரை கொண்டேன்.

இனி இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை, நீ குறை நினைக்காதே. ஸ்காபரோவில் இருந்து வாடகை வான் வண்டி பிடித்து, வாழ்த்துப் பதாகையும் எழுதிக்கொண்டு கண்காட்சிக்கு வருகிற சொந்தங்களே, வாருங்கள், நல்லாய்ப் பாருங்கள். ஆனால் என் மகன் வந்து இறங்குவான் என்று நான் உங்களுக்குக் கொடுத்த வாக்கை இன்றோடு எடுத்துவிட்டேன். மேகம் இறங்கியிருந்தால் அவன் வரமாட்டான். காற்றுச் சரியில்லை என்றால் வரமாட்டான். வரிசையில் கடைசி நிமிடம்வரை வந்துவிட்டு, உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே விலகித் திரும்பிப் போனாலும் போவான். அப்போது ஐயோ என்ன நடந்தது என்று ஒருவரும் அவனைத் தொலைபேசியில் எடுக்கக் கூடாது. கட்டிக்கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் பதாகையைச் சுருட்டிக்கொண்டு வீடு போங்கள். யாராவது அவனிடம் ஏன் இறங்கவில்லை என்று கேட்டால், அவர்கள் பிறகு என்னோடு கதைக்க வேண்டி வரும்.

உனக்குச் சொல்ல எனக்கு விமானப் புத்திமதி ஒன்றும் இல்லை, உனக்குத் தெரிந்ததில் கால்வாசியும் எனக்குத் தெரியாது. முதல்நாள் நேரத்துக்குப் படு. காலையில் வயிற்றை நிரப்பாதே, நானே இதைச் சொல்லுகிறேன் என்பதைக் கவனி. மதாம் லூசி பக்கத்தில் இருக்கிறாள் என்பதற்காக அவள் சொல்லுகிறதெல்லாம் சரி என்று இராதே, அவளுக்கும் ஏலாது என்று சொல்லலாம், நான் கேட்டுப் பார்த்தேன், அவள் அதைத்தான் விரும்புகிறாள். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்தாலும் அவளிடமும் ஓமும் ஏலாதும் இரண்டும் உன் வாயில் இருக்கட்டும். நான் பார்த்து வைத்திருக்கிற பெண்கள் விஷயத்தில் எந்தச் சொல்லைச் சொல்லப்போகிறாய் என்பதை நாங்கள் பிறகு ஆறுதலாகக் கதைப்போம். எனக்குப் பயமா என்று கேட்டால், பயம். விமானச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கை உன் முதுகைத் தேடும். அந்தப் பயத்தை உன் தலையில் ஏற்றமாட்டேன், அதுவும் பாரந்தான். நானே வைத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு நான் பகல் வேலை கேட்டு வாங்கியிருக்கிறேன். தட்டு அடுக்கிக்கொண்டிருந்தால் கைக்கு வேலை இருக்கும். கைத்தொலைபேசியை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், மேற்பார்வையாளரிடம் சொல்லி மேலங்கிப் பைக்குள் வைத்திருப்பேன். நீ எங்கே இறங்கினாலும் ஒரு அழைப்பு எடு. கண்காட்சித் திடலாக இருக்கலாம், வழியில் பெயர் தெரியாத ஏதோ ஒரு வயல்வெளித் திடலாக இருக்கலாம், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்ததாகவும் இருக்கலாம். எங்கள் சனம் யாரைக் கண்டாலும் முதலில் கேட்பது ஊரில் எந்த இடம் என்றுதானே, எனக்கும் அது வாயில் வந்து நிற்கும். நீ தரையில் நிற்கிறேன் அம்மா என்று மட்டும் சொல். எந்த இடம் என்று நான் கேட்கமாட்டேன்.

அம்மா